ஜனவரியில் சுழன்ற ஐந்து காற்றாலைகள்

ஐரோப்பாவில் பச்சை ஐதரசன் ஆலை ஒன்றைக் கட்டுவதென்றால் எத்தனை விதிகளைத் தாண்டவேண்டும் என்று ரொறன்ரோவில் யாராவது கேட்டால், ரஜிதனிடம் போகச் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லப்படுவது அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் சட்டம் படித்தவனல்ல, இயந்திரப் பொறியியல் படித்தவன். ஆனால் பிரசல்சில் வெளியாகும் ஒழுங்குவிதிகளை வேறு யாரும் வாசிக்க விரும்பாத காலத்திலேயே அடிக்குறிப்பு விடாமல் வாசித்து, ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் இருந்த ஒரு சிறிய ஆலோசனைக் கொம்பனியில் அந்தப் பிரிவுக்குத் தலைவனாகியிருந்தான். கனடாவின் பெரிய நிதியங்கள் ஐரோப்பியத் திட்டங்களில் முதலிடுவதற்கு முன், அந்தத் திட்டம் அங்குள்ள விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர்களுடைய வேலை.

வயது நாற்பத்தொன்று. மட்டக்களப்பிலிருந்து ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு வந்தவன். முதல் மூன்று வருடம் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், பிறகு ஸ்காபுரோவில், இப்போது யூனியன்வில்லில் சொந்த வீடு. மனைவி தேனுகா ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பாளர். தகப்பன் கனகசிங்கம் வாரம் ஒருமுறை மகன் வீட்டுக்கு வருவார். வந்த இடத்தில் யாராவது விருந்தாளி இருந்தால் சொல்லுவார்:

"என்ர மகன் ஜேர்மன்காரனுக்கே சட்டம் சொல்லிக் குடுக்கிறான்."

ரஜிதன் அதைக் கேட்டுச் சிரிப்பான். மறுத்ததில்லை.

2025ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவனுடைய மேசைக்கு வந்தது வட ஜேர்மனிக் கரையோரத்தில் கட்டப்பட இருந்த ஓர் ஆலை. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஐதரசன் எடுப்பது, அதைக் குழாய் வழியே ஓர் உருக்குத் தொழிற்சாலைக்கு அனுப்புவது. மின்சாரம் பக்கத்தில் இருந்த எட்டுக் காற்றாலைகளிலிருந்து வரும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஐரோப்பிய விதி ஒரு கேள்வி கேட்கிறது: ஏற்கெனவே ஊருக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்த காற்றாலையைப் பிடித்து இந்த ஆலைக்குக் கொடுத்துவிட்டு, ஊருக்கு மறுபடி நிலக்கரி எரித்தால் அந்த ஐதரசனில் என்ன பச்சை இருக்கிறது? ஆகவே காற்றாலை புதிதாக இருக்கவேண்டும். ஆலை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முப்பத்தாறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. 2028 பிறப்பதற்கு முன்னர் உற்பத்தியைத் தொடங்கும் ஆலைகளுக்கு மட்டும் இதிலிருந்து நீண்டகால விலக்கு உண்டு.

இந்த ஆலை 2027 கடைசியில் தொடங்குவதாக இருந்தது. அப்படியானால் விலக்குக் கிடைத்திருக்கும். ஆனால் நிலத்தடி நீர் எடுப்பதற்கான அனுமதி ஒரு காரியாலயத்தில் கிடந்தது. குழாய் தாண்டவேண்டிய சதுப்பு நிலத்துக்கான பறவைக் கணக்கெடுப்பு இன்னொரு காரியாலயத்தில். நாட்டின் மின்வலையில் இணைவதற்கு வரிசை. ஒன்று பிந்த மற்றது பிந்தி, தொடங்கும் நாள் 2028 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. விலக்குப் போய்விட்டது. இப்போது காற்றாலைகள் 2025 மே மாதத்துக்கு முந்தியவையாக இருக்கக்கூடாது.

முதலிட இருந்த நிதியத்தோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், கோப்புகளை முழுதாகப் பார்க்க முன்னரே, ரஜிதன் சொல்லிவிட்டான்: "காற்றாலைகள் 2025 ஜூனில் இயங்கத் தொடங்கியவை. ஒரு மாதம் இடைவெளி இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை." மறுமுனையில் நாலைந்து பேர் ஒன்றாக மூச்சு விட்டதும், யாரோ 'பிரமாதம்' என்றதும் அவனுக்குக் கேட்டது. அந்தச் சொல்லோடு அவன் இரண்டு நாள் நடந்து திரிந்தான்.

ஜேர்மன் கோப்புகளை வாசித்து ஆங்கிலத்தில் அட்டவணை போடுவதற்கு அவனுடைய பிரிவில் ஒப்பந்த வேலையில் ஒருவர் இருந்தார். அருள்மலர், ஐம்பத்தாறு வயது, யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவர். இளவயதில் ஜேர்மனிக்குப் போய்ப் பிரேமனில் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் பதினொரு வருடம் வேலை செய்து, அங்கே இரவுப் பள்ளியில் ஜேர்மன் எழுதப் படிக்கப் பழகி, பிறகு கலியாணமாகிக் கனடாவுக்கு வந்தவர். இங்கே இருபது வருடம் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றார். ஐம்பத்துமூன்று வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயர் எழுதிய மேசையில் இருந்து செய்த வேலை. ஒவ்வொரு நாளும் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்து மார்க்கத்துக்கு வருவார். ஒருநாளும் பிந்தியதில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல், அருள்மலர் ஒரு கட்டுத் தாளோடு ரஜிதனின் மேசைக்கு வந்தார். பக்கத்தில் இரண்டு இளம் பொறியியலாளர்கள் இருந்தார்கள், சுலக்சனும் நிலாணியும். இருவரும் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள்.

"தம்பி ரஜிதன், இதை ஒருக்கால் பாருங்கோ. எட்டுக் காத்தாலையும் ஜூனில எண்டு முதல் பக்கத்தில போட்டிருக்கு. ஆனா பின்னால இருக்கிற நாட்குறிப்பில அஞ்சு காத்தாலை ஜனவரியிலயே சுத்தத் தொடங்கீட்டுது. கரண்டும் லைனுக்குப் போயிருக்கு."

ரஜிதன் தாளைப் பார்த்தான். ஜேர்மன் அவனுக்கு வராது. "அது சோதனை ஓட்டமா இருக்கும் அக்கா."

"ஓம், சோதனை ஓட்டம் எண்டுதான் எழுதியிருக்கினம். அந்தச் சொல்லு எனக்கு நல்லாத் தெரியும். ஹொட்டேலுக்குப் புது வோஷிங் மெஷின் வந்தா முதல் கிழமை முழுக்க உந்தச் சொல்லைத்தான் மட்டையில எழுதி ஒட்டி வைப்பினம். ஆனா தம்பி, அந்தக் கிழமையும் மெஷின் உடுப்புத் தோய்ச்சதுதானே?"

சுலக்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலாணி வாயைப் பொத்திக்கொண்டாள். ரஜிதனும் சிரித்தான். சிரித்தபடியே சொன்னான்:

"அக்கா, உது லோண்டறி இல்லை. உதுக்கு லீகல் மீனிங் ஒண்டு இருக்கு. நீங்கள் அட்டவணையில ஜூனைப் போடுங்கோ. ஜனவரியை எழுதினா வாசிக்கிறவைக்குக் குழப்பம்தான் வரும்."

அருள்மலர் தாளை மடித்தார். "நான் வாசிச்சதைச் சொன்னனான். போடுறன், நீங்கள் சொன்னபடியால்" என்றுவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அவருடைய கழுத்தின் பின்புறம் சிவந்திருந்ததை ரஜிதன் கண்டான். அப்போது அதை அவன் பெரிதாக எடுக்கவில்லை.

உண்மையில் அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியிருந்தது. அன்று மத்தியானம் ஒழுங்குவிதியைத் திறந்து வரைவிலக்கணப் பகுதியைப் பார்த்தான். 'இயங்கத் தொடங்குதல்' என்றால் முதன்முதலாக உற்பத்தி தொடங்குவது. முதன்முதலாக. சோதனை என்றோ முழுமையாக என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்த வரியை அவன் முன்பு பல தடவை வாசித்திருக்கிறான். அன்றைக்கு இரண்டு முறை வாசித்தான். பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஜேர்மனியிலுள்ள வழக்கறிஞர்கள் எப்படியும் பார்ப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வேறு வேலையில் இறங்கினான். 'ஒரு மாதம் இடைவெளி' என்று சொன்ன வாயால் எப்படித் திரும்பப் போய் இல்லை என்று சொல்வது?

அறிக்கை போனது. நிதியம் நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பியது. ரஜிதன் அதை மேசைக்கு மேலே ஒட்டவில்லை. ஆனால் தேனுகாவுக்குக் கைத்தொலைபேசியில் அனுப்பினான், அவள் மாமனாருக்கு அனுப்பினாள், கனகசிங்கம் அதைக் கோவிலில் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினார்.

பெப்ரவரியில் விடயம் வெளியே வந்தது. ஆலைக்குச் சான்றிதழ் கொடுக்கவேண்டிய ஜேர்மன் பரிசோதகர் ஒருவர் எந்த அறிக்கையையும் நம்பாதவர். மின்வலைக்காரர்களிடம் நேரே எழுதி, எந்தக் காற்றாலை எந்த நாளில் முதல் மின்சாரம் அனுப்பியது என்ற பதிவை எடுத்துவிட்டார். எட்டில் ஐந்து ஜனவரியில். அந்த ஐந்தும் கணக்கில் சேராது. மிச்சம் மூன்றை வைத்து அந்த ஆலையை ஓட்ட முடியாது. நிதியம் எல்லாவற்றையும் நிறுத்தியது. 'இது எப்படித் தவறியது?' என்று ஒரே ஒரு வரியில் கொம்பனிக்குக் கடிதம் வந்தது.

கொம்பனியின் இயக்குநர் ஸ்டெபனி, வெள்ளைக்காரப் பெண், அளந்து பேசுகிறவர். மார்ச் முதல் கிழமை ரஜிதனையும் அருள்மலரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். மேசையில் அந்த ஜேர்மன் நாட்குறிப்பும் ஆங்கில அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ஜேர்மன் தாளில் ஜனவரி இருக்கிறது. எங்களுடைய அட்டவணையில் இல்லை. ஏன்?" என்று ஸ்டெபனி ஆங்கிலத்தில் கேட்டார்.

ரஜிதன் முன்கூட்டி ஒன்றும் தயார் செய்துகொண்டு வரவில்லை. அதைத்தான் பிறகு அவன் திரும்பத் திரும்ப நினைத்தான். திட்டமிட்டுச் செய்ததென்றால் ஒருவேளை தன்னைக் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிடலாம். வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு வந்த அட்டவணையில் ஜூன் மட்டும்தான் இருந்தது" என்றான்.

அது பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஸ்டெபனி அருள்மலரிடம் திரும்பினார். "ஜனவரிப் பதிவுகளை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துவிட்டு அட்டவணையில் ஏன் போடவில்லை?"

அருள்மலர் ரஜிதனைப் பார்த்தார். கோபமாக அல்ல. பஸ் நிற்குமா நிற்காதா என்று பார்ப்பது போல, கொஞ்சம் தலையைச் சரித்து, காத்துக்கொண்டிருக்கிற பார்வை. ரஜிதன் அட்டவணையில் இருந்த ஜூன் என்ற சொல்லையே பார்த்தபடி இருந்தான். ஹீட்டரின் இரைச்சல் கேட்டது. ஸ்டெபனி பேனாவை மேசையில் வைத்தார்.

"போடாமல் விட்டது நான்தான்" என்றார் அருள்மலர்.

வெள்ளிக்கிழமையோடு அவருடைய ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. நிதியத்துக்குப் போன பதிலில் 'மொழிபெயர்ப்பு நிலையில் நேர்ந்த விடுபாடு' என்று எழுதியிருந்தார்கள். அருள்மலர் தன்னுடைய தேநீர்க் குவளையையும், ஜேர்மன் அகராதியையும், காலுக்குப் போடும் கம்பளிச் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகப் போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரஜிதன் அப்போது கழிவறையில் நின்றான். கை கழுவித் துடைத்து, மறுபடியும் கழுவிக்கொண்டு, வெளியே சத்தம் அடங்கும்வரை நின்றான்.

அடுத்த கிழமை ஸ்டெபனி அவனையே அந்த அறிக்கையின் மீளாய்வுக்குப் பொறுப்பாகப் போட்டார். "இந்த நேரத்தில் நம்பக்கூடிய ஒருவர் எனக்கு வேண்டும்" என்றார்.

அந்த மாதங்களில் ரஜிதனிடம் வெளியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. வழமைபோல வேலைக்குப் போனான், வந்தான். ஆனால் அருள்மலரின் வெறும் மேசையைக் கடக்காமல் இருப்பதற்காக அச்சு இயந்திரத்துக்குச் சுற்றிப் போகத் தொடங்கினான். சுலக்சனும் நிலாணியும் அவனோடு பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை. அவர்களும் அன்றைக்குச் சிரித்தவர்கள், அவர்களுக்கும் தெரியும். மூன்று பேரும் ஒரு விடயத்தை ஒளித்து வைத்திருப்பவர்கள் போல மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒருநாள் நிலாணி மட்டும் கேட்டாள், "Is she okay? அருள்மலர் அன்ரி?" ரஜிதன் தெரியாது என்றான். தெரிந்துகொள்ளவும் இல்லை. தமிழ்க் கடையில் அருள்மலரைப் போல உயரமான ஒரு பெண்ணின் முதுகைக் கண்டதும் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். அது வேறு யாரோ. கனகசிங்கம் மகனைப் பற்றிய வழமையான வசனத்தைச் சொன்னபோது அவன் தண்ணீர் குடிக்கவென்று எழுந்து குசினிக்குப் போனான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை தேனுகா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்:

"நேற்று எங்கட கிளினிக்குக்கு உங்கட அருள்மலர் அக்காவின்ர மனிசன் வந்தவர். அமிர்தநாதர். அவவை வேலையால நிப்பாட்டிப்போட்டினமாமே? நீங்கள் சொல்லவேயில்லை."

"கொன்றாக்ட் முடிஞ்சுது."

"அப்பிடி அவர் சொல்லேல்லை. இவ ஜேர்மனைப் பிழையா வாசிச்சு ஒரு பெரிய வேலையே குழம்பிப் போச்சாம். அந்த மனிசன் வெக்கப்பட்டு வெக்கப்பட்டுச் சொல்லுறார். 'தம்பி ரஜிதனுக்கும் எங்களாலை கரைச்சல் வந்திருக்கும், அவரிட்டச் சொல்லிவிடுங்கோ பிள்ளை' எண்டு என்னட்டச் சொல்லிவிடுறார். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

ரஜிதன் கதிரையில் உட்கார்ந்தான். "அவ பிழையா வாசிக்கேல்லை" என்றான்.

தேனுகா நிமிர்ந்து பார்த்தாள். அவன் முழுவதையும் சொன்னான். வோஷிங் மெஷினைச் சொன்னான், சிரித்ததைச் சொன்னான், வரைவிலக்கணத்தை வாசித்துவிட்டு மூடியதையும் சொன்னான். அதுவரை எவருக்கும் தெரியாத பகுதி அது. கடைசியாகக் கூட்ட அறையில் நடந்ததையும் சொன்னான்.

"அப்ப அந்த இடத்தில நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"இல்லை."

"அவ உங்களைப் பாத்துக்கொண்டிருக்க?"

"ஓம்."

தேனுகா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து, அடுத்ததை எடுத்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சென் ஜேம்ஸ் ரவுணுக்கு அவன் வந்து எத்தனையோ வருடம். மூன்று லிஃப்ற்றில் ஒன்றுதான் ஓடியது. சாமான் பைகளோடு சனம் நின்றது. பதினாலாம் மாடியில் கதவைத் திறந்தவர் அமிர்தநாதர். மெலிந்த, நரைத்த மனிதர். ரஜிதனைக் கண்டதும் அவருடைய முகம் பதறிப்போனது.

"ஐயோ தம்பி, வாங்கோ, வாங்கோ. உள்ள வாங்கோ. அருள், இஞ்ச ஆர் வந்திருக்கிறது பாரும்." கதிரையில் கிடந்த பத்திரிகைகளை அவசரமாக அள்ளினார். "தேனுகா பிள்ளை சொல்லியிருப்பா. நாங்கள்தான் தம்பி உங்களிட்ட வந்து கதைச்சிருக்கவேணும். இவ கவனமான ஆள். எப்பிடி அப்பிடி விட்டவ எண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை. நீங்கள்தான் வேலை எடுத்துக் குடுத்தனீங்கள், உங்கட பேரும் கெட்டிருக்கும். நீங்கள் ஒண்டும் மனசில வைச்சிருக்கக் கூடாது."

அருள்மலர் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் மா ஒட்டியிருந்தது. கணவர் பேசுவதைத் தடுக்கவில்லை. ரஜிதனைத்தான் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்க வந்த வீட்டில், தன்னிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதருக்கு முன்னால் ரஜிதன் நின்றான். முகமெல்லாம் கொதித்தது. உட்காரவும் முடியவில்லை.

"அங்கிள், நிப்பாட்டுங்கோ" என்றான். "அவ பிழை விடேல்லை. அவ சரியா வாசிச்சு என்னட்டச் சொன்னவ. நான்தான் போடவேண்டாம் எண்டனான். பிறகு கேட்டபோது நான் வாய் திறக்கேல்லை."

அமிர்தநாதர் பத்திரிகைகளைக் கையில் வைத்தபடி நின்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீர் எனக்கு இதைச் சொல்லேல்லையே?"

"எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அருள்மலர். "சரியா வாசிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தன், மூண்டு பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சவை எண்டு சொல்லுறதோ? உடுப்புத் தோய்ச்சவள் ஒஃபிஸில என்னத்தைக் கிழிச்சாள் எண்டு நீங்கள் நினைக்கிறதை விட, பிழையா வாசிச்சன் எண்டு நினைக்கிறது எனக்குப் பறவாயில்லையா இருந்தது."

"நான் அப்பிடி நினைப்பனோ?" என்று அமிர்தநாதர் கேட்டார்.

"அக்கா," என்றான் ரஜிதன், "நீங்கள் ஏன் என்னைக் காட்டிக் குடுக்காமல் காப்பாத்தினீங்கள்?"

அருள்மலருக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"உம்மை நான் காப்பாத்தேல்லை. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லேல்லை. அதுக்குப் பிறகு நான் சொன்னா, வேலை போகப்போகுதெண்டு இந்த மனிசி பழியைத் தூக்கித் தலைவரின்ர தலையில போடுது எண்டுதானே ஸ்டெபனி நினைப்பா? என்னட்ட என்ன எழுத்து இருக்கு? ஆர் எனக்குச் சாட்சி? உந்தச் சிரிச்ச பிள்ளையளோ?"

மூன்று வருடத்தில் அவர் ரஜிதனை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தார். இப்போது நீர் என்றார்.

"நான் உங்களிட்ட மன்னிப்புக் கேக்க..."

"என்னட்டக் கேட்டு என்ன? என்ர வீட்டுக் கதிரையில இருந்து கேட்டா ஆருக்குத் தெரியும்? எங்க வாயை மூடிக்கொண்டிருந்தீரோ அங்க போய்த் திறவும்." மா ஒட்டிய கையைப் பார்த்தார். "எனக்கு வேலை கிடக்கு."

அமிர்தநாதர் அவனை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கதவை மெல்லச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை ரஜிதன் ஸ்டெபனியின் அறைக்குப் போனான். அவர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் இறுகியது.

"மீளாய்வு முடிய இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. இதை மார்ச்சில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமாக இருந்தது."

"இப்போது?"

"இப்போதும்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீங்கள் வரைவிலக்கணத்தைப் பார்த்தீர்கள் என்கிறீர்கள். அறிக்கை போவதற்கு முன்னர்."

"ஆம்."

"அது தவறல்ல, ரஜிதன். தவறென்றால் என்னால் மன்னிக்க முடியும்."

நிதியத்துக்கு உண்மையை எழுதவேண்டும் என்று அவன் கேட்டான். நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதத்தான் இருந்தேன் என்றார் ஸ்டெபனி. அன்று பின்னேரமே அவனுடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அருள்மலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. ஒப்பந்த வேலை வேண்டாம், நிரந்தர வேலை என்றால் வருவேன் என்றார். தான் வாசித்தது சரி என்று கொம்பனி எழுதித் தரவேண்டும், அதை எல்லோரும் இருக்கும்போது வாசிக்கவும் வேண்டும் என்றார். ஆங்கிலத்திலும் வேண்டும், ஜேர்மனிலும் வேண்டும். ஜேர்மனுக்கு யார் மொழிபெயர்ப்பது என்று ஸ்டெபனி கேட்டபோது, "நான்தான், வேற ஆர்?" என்றாராம். இதையெல்லாம் சுலக்சன் பிறகு தொலைபேசியில் ரஜிதனுக்குச் சொன்னான். அந்தக் கடிதத்தை வாசித்த அன்று தானும் நிலாணியும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டதாகவும் சொன்னான்.

அந்த ஆலை கைவிடப்படவில்லை. ஒரு கல்லும் வைக்க முன்னரே பிழை பிடிபட்டதால் திருத்துவதற்கு வழி இருந்தது. இன்னும் கட்டி முடியாத வேறு காற்றாலைகளோடு புதிய ஒப்பந்தம் பேசினார்கள். தொடங்கும் நாள் இன்னொரு வருடம் தள்ளிப்போனது. பிழை பிடிபடுவதற்கு நாலு மாதத்துக்கு முன், அருள்மலர் சொன்ன அன்றே, அந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கலாம். அந்தத் தாமதத்தால் உருக்குத் தொழிற்சாலைக்காரர் முதல் வருடத்துக்கான ஐதரசனுக்கு வேறிடத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். ஆலை வரவிருந்த கரையோரத் துறைமுக ஊரில் வேலைக்காகப் பெயர் கொடுத்திருந்தவர்களைப் பற்றி ஒரு செய்தியை ரஜிதன் இணையத்தில் கண்டான். ஜேர்மனில் இருந்தது. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு வாசித்தான், பாதி வரைக்கும்.

கனகசிங்கத்துக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மகனுக்கு வேலை இல்லை என்பதை அவர் தாங்கிக்கொண்டார். காரணத்தைக் கேட்டபின், "அந்தப் பிள்ளை உன்னைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க நீ பேசாமல் இருந்தனியோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தேனுகா கேட்ட அதே கேள்வி. பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு விருந்தாளிகளிடம் அவர் மகனுடைய வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது கேட்டால் கோடைகாலம் எவ்வளவு வெக்கை என்று தொடங்குவார்.

ஓகஸ்ட்டில் ரஜிதனுக்கு ஸ்காபுரோவில் ஒரு வேலை கிடைத்தது. கட்டடங்களின் கொதிகலன் பரிசோதனைத் தாள்களைச் சரிபார்க்கும் வேலை. பரிசோதகர்கள் எழுதிக்கொண்டு வரும் ஒவ்வொரு திகதியையும் அவன் இரண்டு தரம் பார்க்கிறான். ஒருநாள் பொறுப்பாளர் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறாய் என்று கேட்டார். அவன் அடுத்த தாளை எடுத்தான்.

செப்ரெம்பரில் யூனியன்வில்லில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா. தேனுகா இழுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அருள்மலரையும் அமிர்தநாதரையும் நேருக்கு நேர் சந்திக்க நேர்ந்தது. அமிர்தநாதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அருள்மலர் நின்றார். அவரோடு வந்த இன்னொரு பெண், "இவர் ஆர்?" என்று கேட்டாள்.

"இவர் ரஜிதன். முந்தி எங்கட ஒஃபிஸில வேலை செய்தவர்" என்றார் அருள்மலர். மேலே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. குறைக்கவும் இல்லை. பிறகு ரஜிதனைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்: "சாப்பிட்டனீரே?"

"ஓம் அக்கா, சாப்பிட்டன்."

அவர்கள் நகர்ந்து போனார்கள். ரஜிதன் மண்டபத்துக்கு வெளியே வந்து கார்கள் நிற்கும் இடத்தில் நின்றான். காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தது. அவன் சாப்பிடவில்லை. ஒரு சின்னக் கேள்வி, அதற்கும் அவன் அவரிடம் உண்மை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே திரும்பிப் போனான். சாப்பாட்டு வரிசை நீளமாக இருந்தது. சாப்பாட்டுக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு, அருள்மலர் இருந்த மேசையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், வரிசையின் கடைசி ஆளாகப் போய் நின்றான்.